முன் இருக்கையில் நூல்

தேதியார் விளம்பரம் எழுதினால் அதில் ஒரு கமா குறையாது. ஒரு பொய்யும் இருக்காது. "இருவர் அமரும் துடுப்புப் படகு விற்பனைக்கு. நீளம் பதினைந்து அடி. வயது ஒன்பது. தண்ணீரில் இறங்கியது இரண்டு முறை. பரிசோதிக்கப்பட்டது முப்பத்தாறு முறை. உபகரணங்களின் பட்டியல் தனியே." அந்தத் தனிப் பட்டியல் மட்டும் மூன்று பக்கம். அதைப் படித்துவிட்டு முதலில் தொலைபேசியில் கூப்பிட்டவர் எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிட்டார்: "சார், இதுல யாராவது முழுகிப் போயிட்டாங்களா?"

கேட்டவரைக் குற்றம் சொல்ல முடியாது. இவ்வளவு சாமான்களோடு ஒரு படகு ஒன்பது வருடம் சும்மா கிடந்தால் எவருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். தேதியார் தன் வழக்கமான பதிலைச் சொன்னார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. வீட்டுல அவங்களுக்குத் தண்ணின்னா பயம்."

அடுத்த அறையில் ஒரு பள்ளிச் சீருடைக்குக் கீழ்மடிப்பு தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி இயந்திரத்தை நிறுத்தவில்லை. ஒன்பது வருடமாகக் கேட்டுப் புளித்த வசனம். ஆனாலும் தையல் ஓர் அங்குலம் கோணலாக ஓடிவிட்டது. பிரித்துத் திரும்பத் தைத்தாள்.

தேதியார் என்பது தெரு வைத்த பெயர். தீயணைக்கும் கருவிகளைப் பரிசோதிப்பது அவர் வேலை. அலுவலகம், ஆஸ்பத்திரி, திரையரங்கு என்று எங்கே சிவப்பு உருளை தொங்கினாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதன்முன் போய் நிற்பார். எடை பார்ப்பார், அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்ப்பார், அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திடுவார். வேலையை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பார்கள். இவர் வீட்டையே வேலைக்குக் கொண்டுபோனவர். யார் வீட்டில் பிஸ்கட் நீட்டினாலும் நன்றி சொல்வதற்குமுன் பொட்டலத்தைத் திருப்பித் தேதி பார்ப்பார். அதனால் தேதி, வயதுக்கு மரியாதையாக ஒரு 'யார்'. அவர் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. "சரியாத்தானே வெச்சிருக்காங்க" என்பார்.

அவர் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. அவர் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும் சாமான் எதுவும் உபயோகப்படக் கூடாது. உபயோகப்பட்டால் எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். முப்பது வருடம் இப்படியே வாழ்ந்தவருக்கு, கொட்டகையில் ஒரு படகு புத்தம் புதிதாகக் கிடப்பது வெட்கமாகத் தெரியவில்லை, பெருமையாகவே தெரிந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை டார்ச் விளக்கோடு போய் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்துவிட்டு, நீல அட்டை போட்ட குறிப்பேட்டில் எழுதி, அதைத் தன் வேலைப் பையில் போட்டுக்கொள்வார். அந்தக் குறிப்பேட்டை அவர் மனைவி ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை. அவர் எழுதுவதையெல்லாம் படிக்க உட்கார்ந்தால் அவள் எப்போது தைப்பது?

அவள் பெரிய தெருத் துணிக்கடையின் பின்னறையில் ஆல்ட்டரேஷன் தைக்கிறவள். கால்சட்டை நீளம் குறைப்பது, இடுப்பு பிடிப்பது, ஜிப் மாற்றுவது. ஜன்னல் இல்லாத அறை. தலைக்குமேல் குழல் விளக்கு, முகத்துக்கு நேரே சுவர், சுவரில் கொக்கி, கொக்கியில் ஊரார் கால்சட்டைகள். ஒரு நாள் மாலை இருவரும் பஸ்ஸில் ஏரிப் பாலத்தைக் கடந்தபோது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள், "இதுக்கு நடுவுல போய் இருந்தா எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. தேதியார் பதில் சொல்லவும் இல்லை. இரண்டு மாதம் கழித்து, ஒரு குடையைக்கூட நாலு கடை ஏறி இறங்காமல் வாங்காத அந்த மனிதர், பச்சை நிறத்தில் பதினைந்தடிப் படகு ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். கடைக்காரர் அதைக் கனோ என்றாராம். வீட்டில் அது படகுதான்.

"உனக்குத்தான்" என்றார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

முதல் தடவை கரையோரமாகப் பத்து நிமிடம் போனார்கள். இரண்டாம் தடவை நடு ஏரி வரை. பின்னால் உட்காருகிறவர்தான் திசை பார்க்க வேண்டும் என்பதால் தேதியார் பின்னால், அவள் முன்னால். முன் இருக்கையில் இருந்தவளுக்கு எதிரே ஒன்றுமே இல்லை. சுவர் இல்லை, கொக்கி இல்லை, கால்சட்டை இல்லை. தண்ணீரும் அதன்மேல் வெளிச்சமும், அவ்வளவுதான். அளவு தப்பித் தைத்த ரவிக்கைக்குள் இத்தனை காலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவளுக்கு யாரோ பக்கத் தையலைப் பிரித்துவிட்டது போல இருந்தது. அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. டக், டக், டக், டக். துடுப்பின் கட்டை படகின் விளிம்பில் இடித்துக்கொண்டே இருந்தது. காற்று இல்லை, அலை இல்லை. அவர் கைதான் நடுங்குகிறது என்று திரும்பிப் பார்க்காமலே அவளுக்குப் புரிந்துவிட்டது. எரிகிற கட்டிடத்தைப் பற்றிப் பேசும்போதுகூடக் குரல் உயராத மனிதர். இப்போது அவர் மூச்சு வாங்குவது அவள் பிடரிக்குப் பின்னால் கேட்டது. திரும்பினால் பார்த்துவிட்டதாக ஆகிவிடும். அவள் திரும்பவில்லை. முன்னால் பார்த்தபடியே சொன்னாள்: "ஏங்க, எனக்குப் பயமா இருக்குங்க. திரும்பிடலாம்."

சத்தம் சட்டென்று நின்றது. "அட, அவ்வளவுதானே! பயப்படாதே, நான் இருக்கேன்ல" என்றார் தேதியார். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

ஒரு பொய்யைச் சொல்வது சுலபம். அதைக் கட்டி மேய்ப்பதுதான் பெரும்பாடு. அடுத்த வருடம் வெயில் காலம் வந்ததும் தேதியார் கேட்டார். "போலாமா? உனக்கு எது பயம்னு சொல்லு, சரி பண்ணிடலாம்."  'போகலாம்' என்று சொல்லிவிடாதே என்று அவர் முகம் கெஞ்சியது. அவள், "கவுந்துட்டா?" என்றாள். தேதியாரின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். ஒரே வாரத்தில் படகின் இரண்டு பக்கமும் மிதவைகள் வந்துவிட்டன. அதற்கடுத்த வருடம், "இருட்டிட்டா?" விளக்கு வந்தது. "கத்தினா யாருக்கும் கேக்கலைன்னா?" இரண்டு விசில். "முட்டி வலிச்சா?" சாய்மானம் வைத்த மெத்தை இருக்கை. ஆறேழு வருடத்தில் உருப்படியான பயங்கள் தீர்ந்துபோய், அவள் துணி தைத்துக்கொண்டே புதிய பயங்களை யோசிக்க வேண்டியதாயிற்று. "காக்கா தலையில கொத்தினா?" கெட்டியான தொப்பி இரண்டு. "ஆடற ஆட்டத்துல தூக்கம் வந்துட்டா?" கழுத்துக்குக் காற்றடைத்த தலையணை. அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஓர் எண், ஒரு சின்ன அட்டை, தேதி, கையெழுத்து.

ஊரில் புருஷன் பெண்டாட்டி எதை எதையோ மறைக்கிறார்கள். இவள் மறைத்தது தனக்குப் பயமில்லை என்பதை.

துணிக்கடைக்குப் புதன்கிழமை விடுமுறை. அவர் வேலைக்குப் போனதும் அவள் வீட்டு வேலையை ஏறக்கட்டிவிட்டு, கையில் தைக்க வேண்டிய துணியோடு கொட்டகைக்குப் போவாள். மரத்தாங்கிகளின்மேல் படகு இருக்கும். முக்காலி போட்டு ஏறி, முன் இருக்கையில் உட்கார்ந்து, கொட்டகைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தைப்பாள். எதிரே தெரிந்தது பக்கத்து வீட்டுச் சுவரும் ஒரு குப்பைத் தொட்டியும்தான். ஆனாலும் உட்கார்ந்திருந்தது முன் இருக்கையில் அல்லவா? முடிந்ததும் இருக்கையைக் கையால் தட்டிவிட்டு இறங்குவாள். ஒருவருக்கும் தெரியாமல் ஒன்பது வருடம் ஓட்டிவிட்டதாக அவளுக்குள் ஒரு கெட்டிக்காரத்தனமும் இருந்தது.

இந்த வருடம் வீட்டுக்காரர் வீட்டை இடித்துக் கட்டப் போவதாகச் சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குள் காலி பண்ண வேண்டும். பார்த்த புதிய வீடு மூன்றாவது மாடி. "மூணாவது மாடிக்கு எப்படிம்மா கொண்டு போறது? வித்துடலாம். உனக்கும் பயப்படறதுக்கு ஒரு சாமான் குறையும்" என்றார் தேதியார். அவள் "சரிங்க" என்றாள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அவள் கேட்க நினைத்தது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு தடவை, படகு கைவிட்டுப் போவதற்குமுன் ஒரே ஒரு தடவை, அந்த இருக்கையில் தண்ணீரின்மேல் உட்கார வேண்டும். ஆனால் அதைக் கேட்க வாயைத் திறந்தால், அப்படியானால் அன்றைக்குப் பயந்தது யார் என்ற கேள்வி இரண்டு பேருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

படகைப் பார்க்க ஆட்கள் வரிசையாக வந்தார்கள். ஒரு ஹோட்டல் முதலாளி படகைத் தலைகீழாகக் கூரையில் தொங்கவிட்டு அதில் விளக்குகள் மாட்டப் போவதாகச் சொன்னார். ஒரு பேராசிரியை அதைக் குறுக்கே அறுத்து நிமிர்த்தி வைத்தால் அருமையான புத்தக அலமாரி என்றார். தேதியாருக்கு வந்த கோபத்தில் மீசை துடித்தது. "முப்பத்தாறு தடவை செக் பண்ணினது புஸ்தகம் அடுக்கறதுக்கா?" வீட்டைக் காலி பண்ணப் பத்து நாள் இருந்தபோது பஸ்காரம்மா வந்தார்.

நகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். தோள் அகலம், குரல் அதைவிட அகலம். கொட்டகைக்குள் வந்ததும் டயரைத் தட்டுவதுபோலப் படகின் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"எத்தனை பேர் ஏறலாம்?"

"ரெண்டு பேர்" என்றார் தேதியார்.

"ரெண்டே பேரா? நின்னுக்கிட்டு வர முடியாதே?"

"நிக்கவே கூடாதுங்க. கவுந்துடும்."

"ஆகா! முப்பது வருஷமா இதுக்குத்தானே தவம் கிடந்தேன்!" பஸ்காரம்மா ஒவ்வொரு அட்டையாகப் படித்துக்கொண்டே வந்தார். தொப்பியின் அட்டையில் 'காக்கை' என்று இருந்ததைப் பார்த்ததும் நின்றார். "இது எதுக்கு, காக்காய்க்கா?"

"வீட்டுல அவங்களுக்குப் பயம்."

பஸ்காரம்மா திரும்பி, கதவோரம் நின்றவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் கையும் களவுமாகப் பிடிபட்டவள் போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா ஓட்டிப் பாக்காம வண்டி வாங்கினதில்ல. புதன்கிழமை காலையில லாரி கொண்டாறேன், ஏரியில விட்டுப் பாப்போம்."

தேதியார் முகத்தில் ஈயாடவில்லை. "ஓட்டிப் பாக்கறதுன்னா... தண்ணியிலயா?"

"பின்ன, ரோட்டுலயா?"

புதன்கிழமை ஏழு மணிக்கெல்லாம் பஸ்காரம்மா மரக்கடைக்காரரிடம் இரவல் வாங்கிய சின்ன லாரியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஏரிக்கரையில் சிமெண்டுச் சரிவு ஒன்று தண்ணீருக்குள் இறங்கும். மூன்று பேருமாகப் படகை அதில் இறக்கினார்கள். தேதியார் மிதவை, கயிறு, விசில் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பார்த்ததையே மறுபடியும் பார்த்தார். பார்க்க இனி ஒன்றும் இல்லை என்றானதும் நிமிர்ந்தார்.

பஸ்காரம்மா அதற்குள் பின் இருக்கையில் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டார். "நான் ஓட்டறவ, எனக்கு இதான் இடம். முன்னாடி யாரு வரீங்க?"

"தனியாப் போய்ப் பாருங்களேன்" என்றார் தேதியார்.

"முன்னாடி ஆள் இல்லாட்டி மூக்கு தூக்கிடும், நேரா போகாதுன்னு நீங்கதானே சார் ரெண்டாம் பக்கத்துல எழுதியிருக்கீங்க?"

எழுதியிருந்தார். எழுதியதை இல்லை என்று சொல்ல அவரால் முடியாது. தன் சிவப்பு லைஃப் ஜாக்கெட்டை எடுத்து மாட்டினார். கொக்கி மூன்று தடவை கைநழுவியது. துடுப்பை எடுத்துக்கொண்டு ஒரு காலைச் சரிவில் வைத்து, துடுப்பைப் படகின் விளிம்பில் ஊன்றினார்.

டக், டக், டக், டக்.

ஒன்பது வருடம் கழித்து அதே சத்தம்.  ஏரிக்குப் போகும் ஆசையெல்லாம் அந்த நிமிடத்தில் எங்கே போனதோ தெரியாது. அந்தக் கையை நிறுத்த வேண்டும், அது ஒன்றுதான் அவள் மனதில் இருந்தது.

"நான் போறேங்க" என்றாள்.

"உனக்குப் பயமாச்சே."

"ரெண்டு நிமிஷம்தானே. கண்ணை மூடிக்கிறேன்."

துடுப்பை அவள் பிடித்தாள். அவர் உடனே விடவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு விட்டார். அவளுடைய ஜாக்கெட்டை எடுத்து வந்து மாட்டி, கொக்கியைப் போட்டு, வாரை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். மற்றவர்களுக்கு மாட்டும்போது அவர் கை நடுங்குவதில்லை.

கரை விலகியது. "முன்னாடி ஏறினவங்கல்லாம் உள்ள போங்க, உள்ள போங்க" என்று பஸ்காரம்மா பழக்க தோஷத்தில் ஒரு குரல் கொடுத்துவிட்டுத் தானே சிரித்தார். அவள் கண்ணை மூடவில்லை. இமைக்கவும் மனம் வரவில்லை. அதே வெளிச்சம். அதே ஒன்றுமில்லாத எதிர்ப்புறம். இந்த முறை பின்னாலிருந்து எந்தச் சத்தமும் இல்லை. துடுப்பு தண்ணீரில் இறங்கி ஏறும் சத்தம் மட்டும்தான்.

"அந்தப் பாலம் தெரியுதா?" என்றார் பஸ்காரம்மா. "தினம் பன்னெண்டு தடவை அது மேல போவேன். ஒரு நாளும் பக்கத்துல திரும்பிப் பாத்ததில்ல. பாத்தா என்னோட அறுபது பேரும் தண்ணிக்குள்ள. வேலைய விட்ட அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இதை ஒரு கை பாத்துடறதுன்னு."

அவளுக்குப் பேச வரவில்லை. பாட்டு வந்தது. தையல் இயந்திரத்தின் இரைச்சலுக்கு அடியில் தனக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுக்கிற பாட்டு. இங்கே இரைச்சல் இல்லாததால் முழுசாக வெளியே வந்துவிட்டது.

இரண்டு நிமிடம் என்று போனது நாற்பது நிமிடம் ஆயிற்று. படகு கரைக்குத் திரும்பியபோதுதான், தான் பயப்பட வேண்டியவள் என்பது அவளுக்கு நினைவு வந்தது. சரிவின் ஓரத்தில் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் அவர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவள் அவசர அவசரமாகப் பயந்த முகம் ஒன்றைத் தயார்பண்ணினாள். இறங்கியதும், "அப்பாடா, ரொம்பப் பயந்துட்டேங்க" என்றாள்.

பஸ்காரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "யாரு, இவங்களா? நடுத் தண்ணியில பாட்டுப் பாடினாங்க சார்!"

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.  தேதியாருக்கு ஆச்சரியம் வந்ததாகத் தெரியவில்லை.

"நான் எடுத்துக்கறேன்" என்றார் பஸ்காரம்மா. "வண்டியோட பேப்பர் ஏதாவது இருந்தாக் குடுங்க."

தேதியார் வேலைப் பைக்குள் கையை விட்டார். விட்ட கை வெளியே வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு நீலக் குறிப்பேட்டை எடுத்து நீட்டினார். பஸ்காரம்மா அதை நடுவில் பிரித்து, நிறுத்தத்தின் பெயரைக் கூப்பிடுகிற குரலில் வாசித்தார். "மிதவை சரி. விளக்கு சரி. விசில் சரி. முன் இருக்கையில் நூல், நீலம், இரண்டு அங்குலம். அகற்றப்பட்டது." பக்கத்தைத் திருப்பினார். "மிதவை சரி. விளக்கு சரி. முன் இருக்கையில் நூல், வெள்ளை." இன்னொரு பக்கம். "முன் இருக்கையில் குண்டூசி ஒன்று, பச்சைத் தலை. அகற்றி மேஜை டிராயரில் வைக்கப்பட்டது." பஸ்காரம்மா நிமிர்ந்தார். "என்ன சார் இது, படகுக்குள்ள தையல் கடையா நடத்தினீங்க?"

கேட்டுவிட்டு இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். முப்பது வருடம் கண்ணாடியில் பின்னால் இருக்கிறவர்களின் முகம் பார்த்து வண்டி ஓட்டியவர். "நான் போய் லாரியைத் திருப்பி நிறுத்தறேன்" என்று நடந்துவிட்டார்.

பச்சைத் தலைக் குண்டூசி. தொலைந்துபோனது என்று தேடி, ஒரு நாள் டிராயரில் கிடைத்தபோது, தன் மறதியைத் தானே திட்டிக்கொண்டது அவளுக்கு நினைவு வந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"பாத்ததை எழுதாம இருக்க முடியாது. விட்டுட்டுக் கையெழுத்துப் போட்டா அது பொய்யாயிடும்."

"எத்தனை வருஷமாத் தெரியும்?"

"மொத வருஷம் காத்துல வந்து விழுந்திருக்கும்னு நெனச்சேன். ரெண்டாவது வருஷம் தெரிஞ்சுபோச்சு. பயப்படறவ தானா ஏறி உக்காந்து தைப்பாளா?"

அவளுக்கு உடம்பெல்லாம் சூடு ஏறியது. இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "எட்டு வருஷம்! தெரிஞ்சுக்கிட்டே எட்டு வருஷம் என்னைக் குப்பைத் தொட்டியைப் பாத்து உக்கார வெச்சீங்களா? நான் ஒவ்வொரு வருஷமும் முட்டாளாட்டம் காக்கா கொத்தும், தூக்கம் வரும்னு சொல்லிக்கிட்டு இருந்தேனே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் தொப்பி வாங்கினீங்களா?"

"ஆமா."

அவர் மழுப்பவில்லை, பூசி மெழுகவில்லை. அதுவே அவள் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பண்ணிவிட்டது. தேதியார் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ பயம் பயம்னு சொல்ற வரைக்கும் அது உன் கணக்குல இருந்துச்சு. நான் சாமான் வாங்கினாப் போதும். எனக்கு அது வசதியாப் போச்சு. அன்னிக்கு நடு ஏரியில நடுங்கினது நான்தான். இன்னிக்கும் நான்தான். உன்னை உள்ள அனுப்பிட்டு நாப்பது நிமிஷம் நிக்கறப்ப உசிரு போயிப் போயி வந்துச்சு. அப்புறம் பாட்டுச் சத்தம் கேட்டுச்சு. இவ்வளவு நாளா இதை நான் அடைச்சு வெச்சிருந்தேனேன்னு இருந்துச்சு."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அவளுக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அவரைத் தனியாக நிற்கவிடவும் மனமில்லை. பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். "நானும்தான் வாயைத் திறந்து ஒரு தடவை கேட்டிருக்கலாம்" என்றாள்.

லாரி வந்தது. படகை ஏற்றினார்கள். தேதியார் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்ல, பஸ்காரம்மா வாங்கி உள்ளே அடுக்கினார். மிதவை இரண்டு. துடுப்பு இரண்டு. விளக்கு, விசில், தொப்பி, தலையணை. "லைஃப் ஜாக்கெட் ரெண்டு" என்று பஸ்காரம்மா தானே முந்திக்கொண்டு சொன்னார். தேதியார் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். அவளும் தன் கொக்கியில் கை வைத்தாள்.

தேதியார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது விக்கறதுக்கு இல்ல."

"பட்டியல்ல ரெண்டுன்னுதானே சார் இருக்கு?" என்றார் பஸ்காரம்மா.

தேதியார் பேனாவை எடுத்தார். 'இரண்டு' என்பதை அடித்து 'ஒன்று' என்று திருத்தினார். பக்கத்தில் கையெழுத்திட்டுத் தேதி போட்டார்.

"முன்னாடி ஆள் இல்லாம உங்க படகு நேரா போகாதுங்க. இவளுக்குப் புதன்கிழமை லீவு. உங்களுக்குச் சம்மதம்னா வாராவாரம் நானே கொண்டாந்து விடறேன்."

"எனக்கென்ன, பாட்டோட பயணம். கசக்குமா?" என்றார் பஸ்காரம்மா. "நீங்க என்ன பண்ணுவீங்க?"

தேதியார் அவளுடைய ஜாக்கெட்டின் வாரை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தார்.

"கரையில நிக்கறேன்" என்றார். "பயமாத்தான் இருக்கும். நிக்கறேன்."